யாரும் கவனிக்காத ஒரு பயணம்

கெலிஓயாச் சந்தியில் நின்றால் கண்டிக்கு பஸ் கிடைக்காமல் போகாது. நாவலப்பிட்டியில் இருந்து ஒன்று, கம்பளையில் இருந்து ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். பேராதனைப் பாலம், கெட்டம்பே, அதற்குப் பிறகு நகரம். பாடசாலைப் பிள்ளைகள், பெரியாஸ்பத்திரியில் கிளினிக் உள்ளவர்கள், புடைவைக் கடைக்குப் போகிறவர்கள், வேலை தேடிப் போகிறவர்கள் எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போவார்கள். எங்கே போகிறீர்கள் என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. கேட்டாலும் "டவுனுக்கு" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

எச்.ஐ.வி தொற்றோடு வாழும் ஒருவருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் உணர முடிந்தது. கொவிட் பெருந்தொற்றுக்காக அன்றுதான் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. பஸ் நின்றது. ரயில் நின்றது. வீட்டை விட்டு வெளியே கால் வைப்பவர் ஒவ்வொருவரும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சில நாட்களில் கண்டி, அபாயம் கூடிய மாவட்டங்களின் பட்டியலில் சேர்ந்தது. வடக்குப் பக்கமாக அக்குறணை முழுவதுமாக முடக்கப்பட்டது. கண்டி மாவட்டத்தின் பெரும்பகுதியில் ஏப்ரல் 20 அளவில்தான் பகல்நேர ஊரடங்கு தளர்ந்தது. அப்போதும் அக்குறணை, அலவத்துகொடை, வரல்லகம பகுதிகளில் தளரவில்லை.

ஒரு மாதம். சீனி வியாதிக்காரருக்கும் பிரஷர் உள்ளவருக்கும் அது கஷ்டமான மாதம். எச்.ஐ.வி உள்ளவருக்கு அது வேறு விதமான மாதம். ஏன் என்று விளங்கிக்கொள்ள முதலில் அந்த வைரஸின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை எடுக்காத ஒருவரின் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி புதிய எச்.ஐ.வி துகள்கள் உருவாகின்றன. 1990களின் நடுப்பகுதி வரை மருத்துவர்களே இதை நினைத்துப் பார்க்கவில்லை. தொற்றுக்கும் நோய்க்கும் இடையில் பத்து ஆண்டுகள்கூட ஓடுவதால், அந்தக் காலம் முழுவதும் வைரஸ் சும்மா இருக்கிறது என்றுதான் எண்ணினார்கள். டேவிட் ஹோவின் குழுவும் ஜோர்ஜ் ஷோவின் குழுவும் 1995 இல், ஒரு புதிய மருந்தைக் கொடுத்து இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று அளந்தார்கள். அது விழுந்த வேகத்தில் இருந்தே, அதற்கு முன் எந்த வேகத்தில் உற்பத்தியாகிக் கொண்டிருந்தது என்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு கோட்பாட்டு உயிரியலாளர் அலன் பெரெல்சன் அந்தக் கணக்கைச் சீர்செய்து வெளியிட்டார். இரத்தத்தில் மிதக்கும் ஒரு துகளின் ஆயுள் சில மணித்தியாலங்கள்தான். தொற்றிய கலம் ஒன்றின் ஆயுள் ஓரிரண்டு நாட்கள். அமைதி என்று தோன்றிய பத்து ஆண்டுகளும் உண்மையில் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் அழிவும் ஆக்கமும் நடந்த ஆண்டுகள்.

இந்த வேகத்தோடு இன்னொரு குணமும் சேர்கிறது. எச்.ஐ.வியின் மரபுச் செய்தி பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த எழுத்துகள் கொண்டது. அதைப் படியெடுக்கும் நொதிக்குத் தன் பிழையைத் தானே திருத்தும் ஆற்றல் கிடையாது. சில படிகளுக்கு ஒன்று என்ற அளவில் பிழை விழுகிறது. ஒரு நாளைக்கு 1,000 கோடி படிகள் என்றால், அந்தப் பத்தாயிரம் எழுத்துகளில் ஒற்றை எழுத்து மாறக்கூடிய எல்லா வகைகளும் நாள்தோறும் எங்கேயோ பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் ஏதாவது ஒன்று, கொடுக்கப்பட்ட மருந்துக்குத் தப்பும் வகையாக இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்த காலத்தில் நோயாளிகள் சில மாதங்கள் தேறிப் பிறகு சரிந்து போனது இதனால்தான். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தப்பும் பிழைகள் ஒரே படியில் சேர்ந்து விழுவது ஏறக்குறைய நடக்காத காரியம். 1996 இல் தொடங்கிய கூட்டுச் சிகிச்சையின் அடிப்படை இதுதான். அன்று கைநிறைய மாத்திரைகள். இன்று பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை, உள்ளே மூன்று மருந்து.

அந்த ஒரு மாத்திரை செய்யும் வேலை அதிசயமானது. தவறாமல் எடுத்தால் சில மாதங்களில் இரத்தத்தில் வைரஸைக் கண்டுபிடிக்கவே முடியாத நிலை வரும். அந்த நிலையில் இருப்பவர் தன் துணைக்குப் பாலுறவு வழியாகத் தொற்றைக் கடத்துவதில்லை. பெரிய ஆய்வுகள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து உறுதி செய்த விடயம் இது. கல்யாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம், பேரப்பிள்ளையைப் பார்க்கலாம். இலங்கையில் இந்த மருந்து 2004 இன் இறுதியில் இருந்து அரசினால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. தாயிடம் இருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி கடத்தப்படுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. கர்ப்பிணித் தாய்மார் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் பரிசோதிக்க மருத்துவமாதுகள் வீடு வீடாக ஏறி இறங்கிச் செய்த வேலைக்குக் கிடைத்த அங்கீகாரம் அது. மூன்று மாதம் கழித்து ஊரடங்கு வந்தது.

ஆனால் மாத்திரை வைரஸை முழுதாகத் துடைப்பதில்லை. தொற்றிய கலங்களில் சில, ஓய்வெடுக்கும் நினைவுக் கலங்களாகி நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் ஒதுங்கிவிடுகின்றன. அவற்றுள் வைரஸின் மரபு எழுத்து எந்தச் சத்தமும் இல்லாமல் கலத்தின் மரபோடு தைக்கப்பட்டு இருக்கும். உற்பத்தி இல்லை என்பதால் மருந்துக்கு அங்கே வேலையும் இல்லை. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் சிலிசியானோவின் குழு இந்தக் கிடங்கு கரையும் வேகத்தை அளந்தது. பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் எடுக்கின்றன. அந்த வேகத்தில் முழுவதும் கரைய எழுபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். மருந்தை நிறுத்தினால், இந்தக் கிடங்கில் எங்கோ ஒரு கலம் விழித்து மீண்டும் தொடங்க, பெரும்பாலானோரில் இரண்டு முதல் நான்கு கிழமைகள் போதும்.

ஊரடங்கு நீண்ட காலத்தோடு இந்த இரண்டு முதல் நான்கு கிழமைகளைப் பொருத்திப் பாருங்கள்.

"கொஞ்ச நாள் மாத்திரை இல்லாவிட்டால் என்ன, பிறகு தொடங்கலாமே" என்ற கேள்விக்கு விஞ்ஞானம் ஒருமுறை நேரடியாகவே விடை தேடியிருக்கிறது. ஸ்மார்ட் என்று பெயரிடப்பட்ட ஆய்வில் 33 நாடுகளில் 5,472 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதியினர் மருந்தைத் தொடர்ந்து எடுத்தார்கள். மற்றப் பாதியினர் உடலின் நோய் எதிர்ப்புக் கலங்கள் போதுமான அளவு இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறையும்போது மீண்டும் தொடங்கினார்கள். பக்கவிளைவில் இருந்து சற்று இளைப்பாற விடுவோம் என்ற நல்ல எண்ணத்தில் திட்டமிட்ட ஆய்வு. 2006 ஜனவரியில் அதைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. இடைவெளி விட்டவர்களில் சந்தர்ப்பவாதத் தொற்றோ மரணமோ நேரும் வாய்ப்பு 2.6 மடங்காக இருந்தது. அதோடு இதயம், சிறுநீரகம், ஈரல் சம்பந்தப்பட்ட பாதிப்புகளும் அவர்களிடம்தான் கூடியிருந்தன. கட்டுக்கடங்காத வைரஸ் உடல் முழுவதும் ஓயாத அழற்சியை மூட்டிவிடுகிறது என்பது அங்கே தெளிவாகத் தெரிந்தது. மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கையில், ஒழுங்காகத் திட்டமிட்டு விட்ட இடைவெளிக்கே இந்த விளைவு. பஸ் நின்றதால் விழும் இடைவெளியை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதுமில்லை.

மருந்து நின்ற பிறகு உடலுக்குள் நடப்பதில் எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. மூன்று மருந்துகளும் ஒரே நாளில் நின்றாலும் ஒரே நாளில் உடலை விட்டுப் போவதில்லை. பல ஆண்டுகள் உலகெங்கும் முதல்நிலைச் சிகிச்சையில் இருந்த எஃபாவிரென்ஸ் என்ற மருந்து மிக மெதுவாக வடிவது. சிலருடைய ஈரல் பரம்பரையாகவே அதை இன்னும் தாமதமாகக் கழிக்கும். அவர்களில் இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகும் இரத்தத்தில் அதன் தடயம் இருக்கும். அதன் கூட்டாளியான லமிவுடின் ஓரிரு நாட்களில் தணிந்துவிடும். மூன்று பேர் காவல் இருந்த வீட்டில், கெட்டிக்காரர்கள் எழுந்து போய்விட்ட பிறகு ஒருவர் மட்டும் அரைத்தூக்கத்தில் வாசலில் இருப்பது போன்ற நிலை இது. கள்வனுக்கு அவரை ஏமாற்றப் பழகினால் போதும். எஃபாவிரென்ஸை முறியடிக்க வைரஸுக்கு ஒரே ஒரு எழுத்து மாற்றம் போதுமானது. அந்த மாற்றம் வேரூன்றிவிட்டால், மருந்து மீண்டும் கிடைத்தாலும் அது வேலை செய்யாது. ஊரடங்கு நீங்கிவிடும், அது விட்டுச் சென்ற மருந்து எதிர்ப்பு அந்த மனிதரின் கிடங்கில் வாழ்நாள் முழுவதும் பதிவாகி இருக்கும்.

இந்தக் காரணத்தாலும்தான் டொலுடெக்ரவிர் என்ற புதிய மருந்து உலகெங்கும் எஃபாவிரென்ஸின் இடத்தைப் பிடித்தது. அதற்கு எதிர்ப்பு வளர்வது மிகக் கடினம். 2019 இல் உலக சுகாதார நிறுவனம் அதை எல்லோருக்கும் முதல்தெரிவாகப் பரிந்துரைத்தது. பெருந்தொற்று வந்தபோது பல நாடுகள் பழையதில் இருந்து புதியதற்கு மாறிக்கொண்டிருந்தன. மாற்ற வேண்டுமென்றால் நோயாளி கிளினிக்குக்கு வர வேண்டும், இரத்தம் பார்க்க வேண்டும், பக்குவமாக விளக்க வேண்டும். அந்த வேலைகள்தான் முதலில் தள்ளிப்போயின.

உலகத்தின் எச்.ஐ.வி மாத்திரைகளில் மிகப் பெரும்பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் செய்யப்படுபவை. 2001 இல் மும்பையின் சிப்லா நிறுவனம் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டொலர் என்று விலை சொன்னபோது, அதுவரை பத்தாயிரம் டொலருக்கு மேல் கொடுக்க முடியாதவர்கள் செத்துக்கொண்டிருந்த உலகம் திரும்பிப் பார்த்தது. அதன் மறுபக்கம், முழு உலகமும் ஒரு சில ஊர்களின் தொழிற்சாலைகளை நம்பி இருப்பது. 2020 மார்ச் 25 இல் இந்தியா முடங்கியபோது தொழிலாளர் வேலைக்கு வர முடியவில்லை, மூலப்பொருள் வரவில்லை, சரக்கு விமானங்கள் குறைந்தன, கப்பல் கூலி ஏறியது. அந்த ஆண்டு ஜூலையில் 73 நாடுகள் தங்களிடம் மருந்து தீர்ந்துபோகும் அபாயம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்திடம் தெரிவித்தன. அவற்றில் 24 நாடுகளில் கையிருப்பு அபாயகரமாகக் குறைந்திருந்தது அல்லது விநியோகம் தடைப்பட்டிருந்தது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்காவில் ஆறு மாதம் மருந்து நின்றால் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடுதலாக இறக்கக்கூடும் என்று கணித மாதிரிகள் எச்சரித்தன.

அந்தப் பெருங்கேடு நடக்கவில்லை. எச்சரிக்கை கேட்டு நாடுகள் விழித்துக்கொண்டன. மாதம் ஒருமுறை கொடுத்த மருந்தை மூன்று மாதத்துக்கு, சில இடங்களில் ஆறு மாதத்துக்கு என்று ஒன்றாகக் கொடுத்தார்கள். உலகின் பெரிய நன்கொடை அமைப்பான குளோபல் ஃபண்ட், தான் உதவும் நாடுகளில் 2020 இல் எச்.ஐ.வி மருந்து எடுப்போர் தொகை குறையவில்லை, 8.8 வீதம் கூடியது என்று கணக்குக் காட்டியது. அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. எச்.ஐ.வி பரிசோதனை 22 வீதம் வீழ்ந்திருந்தது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது. மாத்திரையைப் பெட்டியில் கட்டி அனுப்ப முடிந்தது. மனிதர் ஒருவர் தன்னை யாருக்கும் தெரியாமல் வந்து பரிசோதித்துக்கொள்ளும் சூழ்நிலையை அப்படி அனுப்ப முடியவில்லை. பெருந்தொற்றில் பறிபோனவற்றுள் மிகவும் பெறுமதியானது கூட்டத்தில் கலந்து மறையும் வசதி என்று நான் கருதுகிறேன். எச்.ஐ.வி சிகிச்சையில் அதுவும் ஒரு மருந்துதான்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே முதலாவது எச்.ஐ.வி தொற்று 1986 இல் ஒரு வெளிநாட்டவரிடம் கண்டறியப்பட்டது. இலங்கையர் ஒருவரிடம் 1987 இல். இரண்டு கோடிக்கு மேல் சனத்தொகை உள்ள நாட்டில், 2020 அளவில் தொற்றோடு வாழ்வோர் நாலாயிரத்துக்குக் குறைவு என்றே மதிப்பிடப்பட்டது. ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. இது பெருமைப்பட வேண்டிய எண்தான், ஆனாலும் இதற்குள் ஒரு தனிமை இருக்கிறது. தென்னாபிரிக்காவில் ஒரு கிராமத்துக் கிளினிக்கில் மருந்துக்கு வரிசையில் நிற்பவருக்கு முன்னாலும் பின்னாலும் தன்னைப் போன்றவர்கள் நிற்பார்கள். இங்கே ஊரில் ஒருவருக்கு இருந்தால், அவருக்குத் தெரிந்தவரை அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் இருந்தாலும் இருவருக்கும் அது தெரிய வழியில்லை.

அப்படி மறைத்து வாழ்வதற்குக் காரணம் இருக்கிறது. 2016 இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எச்.ஐ.வி என்று வதந்தி பரவியது. பரிசோதனையில் தொற்று இல்லை என்றே தெரிந்தது. ஆனாலும் பாடசாலைகள் அவனைச் சேர்க்க மறுத்தன. சேர்த்த இடத்தில் மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி முன்வந்து அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்தது. கண்டிக்காரர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளக்கூடிய காரியம் அது. தொற்று இல்லாத குழந்தைக்கே இந்த நிலை என்றால், தொற்று உள்ளவர் வாய்திறக்காமல் இருப்பதில் என்ன பிழை? வைத்தியர் கமலிகா அபேரத்ன வீதி விபத்துக்குப் பிறகு ஏற்றப்பட்ட இரத்தத்தால் தொற்றுக்கு ஆளாகி, அதைப் பகிரங்கமாகச் சொல்லி, தொற்றுள்ளோரின் உரிமைக்காக 2004 இல் இறக்கும்வரை பேசினார். அவரைப் போன்ற துணிவை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எனவே எச்.ஐ.வி மருந்து கொடுக்கும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் எல்லாமே இரகசியத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. யாருடைய கடிதமும் இல்லாமல் நேரே போகலாம். ஊரில் உள்ள நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முகம் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள் என்பதற்காகவே கிட்ட உள்ள இடத்தை விட்டுத் தூரத்து மாவட்டம் ஒன்றில் மருந்து எடுப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கண்டியில் இருப்பவர் கொழும்புக்கும், குருநாகலில் இருப்பவர் கண்டிக்கும் போகலாம். சாதாரண நாளில் இது ஒரு பஸ் பயணம். மாகாண எல்லைகள் அடைக்கப்பட்ட நாளில், அதே தூரம் கடக்க முடியாத தூரம். 2020 இல் ஒரு தடவையோடு அது முடியவில்லை, 2021 இல் மே இறுதியில் இருந்து ஜூன் வரையும், ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரையும் நாடு மீண்டும் மீண்டும் மூடப்பட்டது.

கெலிஓயாவில் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொண்டு பார்ப்போம். முப்பத்தைந்து வயது, கடையில் வேலை, வீட்டில் உம்மாவும் தங்கச்சியும். யாருக்கும் தெரியாது. மாத்திரைப் போத்தலின் லேபலை உரித்துவிட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார். ஊரடங்கில் வெளியே போக பொலிஸ் அனுமதி வேண்டும். எதற்கு என்று எழுத வேண்டும். எந்த கிளினிக், கொப்பியைக் காட்டு என்பார்கள். கிராம சேவகரிடம் கேட்டால் அவர் வாப்பாவுக்குத் தெரிந்தவர். மருந்தை வீட்டுக்கே அனுப்பலாம் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள் என்று வையுங்கள். அந்த நாட்களில் அரச வைத்தியசாலைகளின் கிளினிக் மருந்துகளைத் தபால் திணைக்களம் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. வயதான எத்தனையோ பேருக்கு அது பெரிய உபகாரம். எச்.ஐ.வி மாத்திரைகளையும் நோயாளியின் கைக்குச் சேர்க்கும் வழிகள் தேடப்பட்டன. ஆனால் நம்மவர் யோசிப்பார். தபால்காரர் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். "உனக்கென்ன மருந்து வந்திருக்கு மகன்?" என்று உம்மா கேட்பா. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

நாள் முழுவதும் குடும்பம் முழுக்க வீட்டிலேயே இருந்ததும் ஒரு தடை. எல்லோர் முன்னாலும் மாத்திரை விழுங்க வேண்டும். தொலைபேசியில் தாதி எடுத்தால் பேச ஒரு மூலை வேண்டும். இரண்டு அறை வீட்டில் அந்த மூலை எங்கே?

வூஹான் நகரத்தில் இதே கதைதான் முதலில் நடந்தது. 2020 ஜனவரியில் நகரம் பூட்டப்பட்டபோது சீனப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனவர்கள் பலர் கையில் சில நாள் மாத்திரையோடு அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு பெப்ரவரியில் சீனாவில் நடத்திய விசாரிப்பில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மருந்து தீர்ந்துபோகும் நிலை இருந்தது. தொண்டர்கள் நகரத்துக்குள் மருந்தைச் சுமந்து திரிந்தார்கள். அந்தத் தொண்டர்களை இவர்கள் நம்பியதற்குக் காரணம் அவர்களில் பலர் தாங்களும் தொற்றோடு வாழ்பவர்கள், அல்லது அந்த மக்களோடு பழகியவர்கள் என்பதுதான். உலகம் முழுவதும் பெருந்தொற்றில் அறுந்துபோகாமல் தாங்கிய கயிறு பெரும்பாலும் தொற்றோடு வாழ்வோரின் இந்த வலையமைப்புகள்தான்.

நம் பகுதிக்கு இன்னொரு சுமையும் இருந்தது. கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்யவே வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11 இல் வர்த்தமானி வெளியானது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பெப்ரவரி இறுதிவரை அது மாறவில்லை. பிறகு மட்டக்களப்பின் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. கெலிஓயா போன்ற, முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர்களில் இந்தச் சட்டம் பல குடும்பங்களை வைத்தியசாலைப் படியையே மிதிக்கத் தயங்க வைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பி.சி.ஆர் எடுப்பார்கள், தொற்று என்று வந்து மௌத்தாகிவிட்டால் ஜனாஸா கையில் கிடைக்காது. அந்தப் பயம் எச்.ஐ.வி சம்பந்தப்பட்டதல்ல. ஆனால் ஒரு வைத்தியசாலையின் மேல் உள்ள நம்பிக்கை உடைந்தால் நோய்க்கு நோய் பிரித்துப் பார்த்து உடைவதில்லை.

நமது எண்கள் இதை மெல்லிய குரலில் சொல்கின்றன. இலங்கையில் 2019 இல் புதிதாகப் பதிவான எச்.ஐ.வி தொற்றுகள் 439. 2020 இல் அது 363 ஆக விழுந்தது. 2021 இல் 411. 2022 இல் 607 ஆக எகிறியது. 2020 இன் எண்ணைப் பார்த்து மகிழ முடியாது. தொற்று குறைந்ததா, தேடுவது குறைந்ததா என்று அந்த ஒரு எண்ணுக்குள் பிரித்தறிய முடியாது. பரிசோதனை குறைந்த ஆண்டில் குறைந்த எண் வருவது எதிர்பார்க்கக் கூடியது. பின்னர் ஏறியதற்கும் காரணம் ஒன்றல்ல. பரிசோதனை விரிந்தது, தொற்றும் பரவியது, முன்பு தவறியவர்களும் பிடிபட்டார்கள். ஆனால் 2020 இல் பஸ் ஏறி வந்திருக்க வேண்டிய ஒருவர் இரண்டு ஆண்டு கழித்து வந்தால், அந்த இரண்டு ஆண்டுகளும் அவர் உடலில் நாளுக்கு 1,000 கோடி என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எதிர்ப்புக் கலங்கள் ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டியவை, இருநூறுக்குக் கீழே போயிருக்கலாம். அதற்குக் கீழே காசநோயும், நுரையீரலில் பூஞ்சைத் தொற்றும், மூளைக்காய்ச்சலும் காத்திருக்கின்றன. அவருக்கே தெரியாமல் இன்னொருவருக்குக் கடத்தியும் இருக்கலாம்.

பரிசோதனைக்கூடத்திலும் இரண்டு வைரஸும் மோதிக்கொண்டன. எச்.ஐ.வி நோயாளியின் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அவருடைய இரத்தத்தில் வைரஸின் அளவை அளக்க வேண்டும். அந்த அளவீடும் கொவிட் பரிசோதனையும் ஒரே பி.சி.ஆர் தொழில்நுட்பம். பல நாடுகளில் அதே இயந்திரங்கள், அதே தொழில்நுட்பவியலாளர்கள். காசநோய்க்கும் எச்.ஐ.விக்கும் என்று வாங்கிய இயந்திரங்கள் இரவு பகலாகக் கொரோனா மாதிரிகளை ஓட்டின. தலைநகரின் மருத்துவமனைப் படுக்கைகளுக்கும் அதேதான். எச்.ஐ.வி நோயாளிகளைப் பல ஆண்டுகளாக ஏற்றுப் பராமரித்த அங்கொடைத் தொற்றுநோய் வைத்தியசாலை, நாட்டின் முதலாவது கொவிட் வைத்தியசாலையாகியது. இங்கே கண்டியில் தெல்தெனிய வைத்தியசாலை அந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டது. யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை. தொற்றுநோயைத் தெரிந்தவர்கள்தான் தொற்றுநோயைப் பார்க்க முடியும். அவர்கள் எண்ணிக்கையில் சிலர் என்பதுதான் விடயம்.

எச்.ஐ.வி சிகிச்சை தடைப்பட்டால் அது அந்த ஒருவரின் பாடு மட்டும் என்று நினைப்பவர்கள் டர்பனில் இருந்து வந்த செய்தியைக் கேட்க வேண்டும். தென்னாபிரிக்காவின் அந்த நகரில், எச்.ஐ.வி கட்டுக்குள் வராத ஒரு பெண்ணின் உடலில் கொரோனா வைரஸ் 216 நாட்கள் தங்கியது. சாதாரணமாக இரண்டு கிழமையில் உடல் துடைத்துவிடும் வைரஸ். எதிர்ப்புக் கலங்கள் இல்லாததால் அது அங்கேயே இருந்து முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டது. அவற்றில் சில, உலகை ஆட்டிய புதிய திரிபுகளில் காணப்பட்ட மாற்றங்கள். கேப்டவுனில் இன்னொரு இளம்பெண்ணில் அதேபோல் ஒன்பது மாதங்கள். அவருக்குச் சரியான எச்.ஐ.வி மருந்து கிடைத்து எதிர்ப்புக் கலங்கள் திரும்பியதும் சில கிழமைகளில் கொரோனா வைரஸ் மறைந்துபோனது. கொவிட்டுக்கு என்று எந்தப் புதிய மருந்தும் தேவைப்படவில்லை. எச்.ஐ.வி மாத்திரை போதுமானதாக இருந்தது. ஒரு பெருந்தொற்றை எதிர்க்க ஒதுக்கிய பணத்தில் எச்.ஐ.வி கிளினிக்கைத் திறந்து வைத்திருப்பதும் அடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கொவிட் அடங்கி மூச்சு விடுவதற்குள் 2022 வந்தது. அம்முறை நின்றது எரிபொருள். ஜூன் 27 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளைத் தவிர யாருக்கும் பெற்றோலும் டீசலும் இல்லை என்று அரசு அறிவித்தது. பஸ் குறைந்தது, கட்டணம் ஏறியது, கெலிஓயா நிலையத்தில் ரயிலுக்கு ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். பொலிஸ் தடை இல்லை, வைரஸ் இல்லை, ஆனாலும் கிளினிக் நாளில் கண்டிக்குப் போக வேண்டியவர் அதே இடத்தில் நின்றார். கொவிட் கற்றுத் தந்த ஏற்பாடுகளுக்கு அப்போது மறுபடி வேலை வந்தது. மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ மருந்தை ஒன்றாகக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டு கிழமை பஸ் இல்லாதது ஒரு பொருட்டே அல்ல.

உமிழ்நீரில் தானே பரிசோதித்துக்கொள்ளும் கருவியும் அவ்வாறே. ஈறில் தடவி, குழாயில் வைத்து, இருபது நிமிடத்தில் கோடு விழுகிறதா என்று பார்ப்பது. இலங்கையிலும் அதை இணையத்தில் கேட்டு வாங்கும் வழி வந்திருக்கிறது. கோடு விழுந்தால் உறுதிப்படுத்த இரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியே செய்யக்கூடிய பரிசோதனை, கூட்டம் இல்லாத காலத்திலும் ஒருவருக்கு மறைவைத் திருப்பிக் கொடுக்கிறது. அது பெயர் போடாத சாதாரண உறையில் வர வேண்டும், தபாலகத்திலேயே போய் எடுக்கும் வசதி இருக்க வேண்டும். இவை சின்ன விடயங்கள் என்று திட்டமிடுபவர்களுக்குத் தோன்றலாம். அலுமாரியில் லேபல் உரித்த போத்தல் வைத்திருப்பவருக்கு இவைதான் பெரிய விடயங்கள்.

இப்போது மாத்திரையே இல்லாத சிகிச்சைகள் வந்துகொண்டிருக்கின்றன. கபோடெக்ரவிரும் ரில்பிவிரினும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள். தொற்றைத் தடுப்பதற்கு லெனகபவிர் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஏற்றினால் போதும். ஆபிரிக்காவில் அதைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்று 2024 இல் வந்த முடிவு மருத்துவ உலகையே வியக்க வைத்தது. வீட்டில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை, தினமும் விழுங்க எதுவும் இல்லை. மறைவாக வாழ வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

ஆனால் ஊசியைப் போட ஒருவரிடம் போயாக வேண்டும். தவறினால் பழைய எஃபாவிரென்ஸ் சிக்கல் பல மடங்காகத் திரும்பி வரும். கபோடெக்ரவிர் சிலருடைய உடலில் ஓராண்டுக்கு மேலும் மெல்லிய அளவில் கசிந்துகொண்டிருக்கும். வைரஸைத் தடுக்கப் போதாத, ஆனால் எதிர்ப்பை வளர்க்கப் போதுமான அளவு. இந்த ஊசிகளின் ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கையில்தான் கொவிட் வந்தது. நிலையத்துக்கு வர முடியாமல் போனவர்களுக்கு, ஊசி மீண்டும் கிடைக்கும்வரை அன்றாட மாத்திரைகளைக் கொடுத்து இடைவெளியை நிரப்பினார்கள். நாளை இந்த ஊசிகள் கண்டிக்கும் வரும்போது, ஒவ்வொருவரின் வீட்டிலும் ஒரு மாதத்துக்கான மாத்திரைகள் முன்கூட்டியே இருக்க வேண்டும். அடுத்த ஊரடங்கோ, வெள்ளமோ, எரிபொருள் வரிசையோ நாள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அந்தப் போத்தலை எந்தத் தேதியில், யார், எந்த உறையில் கொடுப்பது என்பதை அமைதியான இந்த நாட்களில், மருந்து எடுப்பவர்களையே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.